பழுது விசையிலா, அமைப்பிலா?

மின்னஞ்சல் முகவரியைத் தட்டச்சு செய்யும் ஒருவர் @ குறிக்காக ஷிப்ட் விசையுடன் 2-ஐ அழுத்துகிறார். திரையில் வருவதோ இரட்டை மேற்கோள் குறி. இன்னொருவர் ஒற்றை மேற்கோள் குறியை அழுத்துகிறார், ஒன்றும் வரவில்லை. மீண்டும் அழுத்துகிறார், இரண்டு குறிகள் ஒன்றாக வந்து விழுகின்றன. மூன்றாமவர் மேற்கோள் குறி இட்டு, ஆங்கில 'ஏ' எழுத்தில் தொடங்கும் சொல்லை எழுதப் போகிறார். மேற்கோள் குறியைக் காணவில்லை. 'ஏ'யின் தலையில் இரண்டு புள்ளிகள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

இப்படி நேரும்போது பலர் முதலில் விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்கிறார்கள். அடுத்து, கடைக்குப் போய்ப் புதியது ஒன்றை வாங்கி வருகிறார்கள். புதிய விசைப்பலகையைச் செருகிய பிறகும் அதே கோளாறு. 'கணினிக்குள் வைரஸ் புகுந்துவிட்டது' என்ற முடிவுக்கு வர அதற்குமேல் நேரமாவதில்லை.

உண்மையில் இந்த மூவரின் விசைப்பலகையிலும் பழுதில்லை. மாறியிருப்பது கணினிக்குள் இருக்கும் மொழி அமைப்பு. அதைச் சரிசெய்ய ஒரு வெள்ளிகூடச் செலவாகாது. எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

விசையில் எழுத்து இல்லை

விசைப்பலகையைப் பற்றிப் பலருக்கும் இருக்கும் எண்ணம், விசையின் மேல் எந்த எழுத்து அச்சிடப்பட்டிருக்கிறதோ அதையே அது கணினிக்கு அனுப்புகிறது என்பதாகும். அப்படியல்ல. விசைப்பலகை அனுப்புவது ஓர் எண்ணை மட்டுமே. 'இந்த வரிசையில் இத்தனையாவது விசை அழுத்தப்பட்டது' என்பதுதான் அந்த எண்ணின் பொருள். அது எந்த எழுத்து என்பதை முடிவு செய்வது கணினியில் உள்ள ஒரு பட்டியல். அதற்கு விசை அமைப்பு என்று பெயர்.

அமெரிக்க ஆங்கிலத்திற்கு ஒரு பட்டியல், பிரிட்டிஷ் ஆங்கிலத்திற்கு வேறொன்று, பிரெஞ்சுக்கு ஒன்று, ஜெர்மனுக்கு ஒன்று, தமிழுக்குத் தமிழ் 99, அஞ்சல் எனப் பல. பட்டியல் மாறினால் அதே விசை வேறு எழுத்தைத் தரும். தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. ஆங்கில எழுத்து மட்டுமே அச்சிடப்பட்ட விசைப்பலகையில்தான் அவர்கள் நாள்தோறும் தமிழ் எழுதுகிறார்கள். விசை மாறவில்லை, பட்டியல்தான் மாறுகிறது. @ குறி இடம் மாறிப்போவதற்கும் இதே காரணம்தான்.

ஆகவே, கோளாறு வந்தால் மூன்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, விசையின் மேல் அச்சிடப்பட்டிருப்பது. இரண்டாவது, கணினி தேர்ந்தெடுத்திருக்கும் விசை அமைப்பு. மூன்றாவது, பட்டியல்களும் அறிவிப்புகளும் திரையில் தோன்றும் மொழி. இந்த மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. திரை ஆங்கிலத்திலேயே இருக்க, விசை அமைப்பு மட்டும் பிரெஞ்சுக்கு மாறியிருக்கலாம். அதனால்தான் பலருக்குக் காரணம் பிடிபடுவதில்லை.

ஐந்து விசைகளில் நோயறிதல்

எந்த அமைப்பு இயங்குகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். நோட்பேட் போன்ற எளிய எழுதும் செயலியைத் திறந்துகொண்டு, கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கலாம்.

1. ஷிப்ட் விசையுடன் 2. @ வந்தால் அமெரிக்க அமைப்பு. இரட்டை மேற்கோள் குறி வந்தால் பிரிட்டிஷ் அமைப்பு.

2. ஷிப்ட் விசையுடன் 3. # வந்தால் அமெரிக்க அமைப்பு. பவுண்டு நாணயக் குறி வந்தால் பிரிட்டிஷ் அமைப்பு. முதல் சோதனையின் முடிவை இது உறுதிப்படுத்தும்.

3. ஒற்றை மேற்கோள் குறி. உடனே வந்தால் சாதாரண அமைப்பு. வராமல், அடுத்த விசையை அழுத்தியதும் வந்தால் அது 'யுஎஸ் இன்டர்நேஷனல்' எனப்படும் அனைத்துலக அமைப்பு.

4. 'கியூ' விசை. 'ஏ' வந்தால் பிரெஞ்சு அமைப்பு. அந்த அமைப்பில் 'இசட்' விசையும் 'டபிள்யூ' விசையும்கூட இடம் மாறியிருக்கும். எண்களைப் பெற ஷிப்ட் அழுத்த வேண்டும்.

5. 'ஒய்' விசை. 'இசட்' வந்தால் ஜெர்மன் அமைப்பு.

மலேசியா, சிங்கப்பூர்க் கடைகளில் விற்கப்படும் விசைப்பலகைகளில் பெரும்பாலானவை அமெரிக்க முறையில் அச்சிடப்பட்டவை. ஆனால் இங்குப் பள்ளிகளில் கற்பிப்பதோ பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டு முறை. எழுத்துப்பிழை திருத்தி சரியாக வேலை செய்ய வேண்டும் என்பதற்காகப் பலர் விண்டோஸில் 'இங்லிஷ் யுனைடெட் கிங்டம்' என்ற மொழியைச் சேர்க்கிறார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த மொழியைச் சேர்க்கும்போது அதனுடன் பிரிட்டிஷ் விசை அமைப்பும் சேர்ந்தே வந்துவிடுகிறது. @ குறியும் இரட்டை மேற்கோள் குறியும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காருவது அதனால்தான். பிரிட்டிஷ் மொழியை வைத்துக்கொண்டே விசை அமைப்பை மட்டும் அமெரிக்க முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். இரண்டும் வெவ்வேறு அமைப்புகள் என்பதை அறியாததால், பலர் ஒன்றுக்காக மற்றொன்றை இழக்கிறார்கள்.

நகரா விசையின் கதை

அடுத்தது, அழுத்தியும் வராத மேற்கோள் குறி. அனைத்துலக அமைப்பில் ஐந்து குறிகள் இப்படிக் காத்திருக்கும். ஒற்றை மேற்கோள் குறி, இரட்டை மேற்கோள் குறி, விசைப்பலகையின் இடது மேல் மூலையில் உள்ள இடச்சாய்வுக் கோடு, அதே விசையில் ஷிப்டுடன் வரும் அலைக்கோடு, 6-ஆம் எண்ணுடன் இருக்கும் கூரைக் குறி ஆகியவையே அவை. இவற்றை அழுத்தியதும் கணினி எதையும் எழுதாது. அடுத்து வரும் எழுத்துக்காகக் காத்திருக்கும். சேரக்கூடிய எழுத்து வந்தால் இரண்டையும் சேர்த்து ஒலிக்குறியுள்ள ஓர் எழுத்தாகத் தரும். சேராத எழுத்தாக இருந்தால் குறியையும் எழுத்தையும் தனித்தனியே தரும்.

தட்டச்சுப் பொறிக் காலத்திலிருந்தே இருந்துவரும் ஏற்பாடு இது. பொறியில் ஒரு விசையை அடித்தால் தாள் ஓர் எழுத்து அளவு நகரும். ஒலிக்குறிக்கு உரிய விசை மட்டும் குறியைப் பதித்துவிட்டுத் தாளை நகர்த்தாமல் நின்றுவிடும். அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில், குறியின் கீழ் வந்து பதியும்.

தமிழர்களுக்கு இது நன்கு பழகிய முறை. தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய ஆர். முத்தையா யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்தவர். 1907-இல் மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவர். 247 எழுத்துகளை ஒரு சிறிய பொறிக்குள் அடக்க அவருக்குக் கைகொடுத்தது இந்த ஏற்பாடுதான். அதற்குத் தமிழில் வழங்கிய பெயர் 'நகரா விசை'. புள்ளியை முதலில் அடித்து, அதன்பின் மெய்யெழுத்தை அடித்தால் 'க்' கிடைக்கும். முதலில் குறி, பிறகு எழுத்து. இன்று அனைத்துலக அமைப்பில் ஒற்றை மேற்கோள் குறியை முதலில் அழுத்தி, பிறகு 'இ' விசையை அழுத்தினால் அந்த எழுத்தின் தலையில் சாய்கோடு ஏறுவதும் இதே வரிசையில்தான். பழைய தட்டச்சர் ஒருவரை இந்தக் கணினியின் முன் உட்கார வைத்தால் அவருக்கு இதில் வியப்பு ஏதும் இருக்காது.

நகரா விசை இயங்கும்போது வெறும் மேற்கோள் குறி வேண்டுமென்றால், குறியை அழுத்திவிட்டு இடைவெளிப் பட்டையை ஒருமுறை தட்டினால் போதும். குறி தனியே வந்துவிடும். ஒலிக்குறிகள் அடிக்கடி தேவைப்படுவோர் இந்தப் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வது நல்லது. தேவையே இல்லாதவர்கள் சாதாரண அமெரிக்க அமைப்புக்கு மாறிவிடுவதே முறை.

தானாக மாறுவது எப்படி?

'நான் எதையும் மாற்றவில்லையே, தானாக மாறிவிட்டதே' என்பது பலர் சொல்லும் குறை. மாறியது உண்மை, ஆனால் தானாக மாறுவதில்லை. அதற்கு வழக்கமான காரணங்கள் நான்கு.

முதலாவது, குறுக்கு விசைகள். விண்டோஸ் விசையையும் இடைவெளிப் பட்டையையும் சேர்த்து அழுத்தினால் அடுத்த விசை அமைப்புக்கு மாறும். இடப்பக்க ஆல்ட் விசையையும் ஷிப்ட் விசையையும் சேர்த்து அழுத்தினாலும் பல கணினிகளில் மொழி மாறும். வேகமாகத் தட்டும்போது விரல் தவறி இந்த இரண்டில் ஒன்று நேர்ந்துவிடுகிறது. கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் இருந்தால் மட்டுமே இது நடக்கும். தமிழும் ஆங்கிலமும் வைத்திருக்கும் நம் வீட்டுக் கணினிகளில் இதற்கு வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, புதிய மொழியைச் சேர்ப்பது. மேலே சொன்னபடி, மொழியுடன் அதன் விசை அமைப்பும் வந்து பட்டியலில் சேர்ந்துகொள்கிறது.

மூன்றாவது, ஒவ்வொரு செயலிக்கும் தனி அமைப்பு வைத்துக்கொள்ளும் வசதி. இது இயங்கினால் உலாவியில் ஓர் அமைப்பும் மின்னஞ்சலில் வேறோர் அமைப்பும் இருக்கும். 'இங்கே சரியாக வருகிறது, அங்கே வரவில்லை' என்று குழம்புவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

நான்காவது, மைக்ரோசாப்ட் வேர்ட் செயலியில் உள்ள ஒரு வசதி. சுற்றியுள்ள வரியின் மொழிக்கு ஏற்ப விசை அமைப்பையும் அதுவே மாற்றிவிடும். பிரெஞ்சு மொழி என்று குறிக்கப்பட்ட பத்தியில் சுட்டியை வைத்ததும், பட்டியலில் பிரெஞ்சு அமைப்பு இருந்தால், விசைகள் பிரெஞ்சுக்கு மாறிக்கொள்ளும். வேர்டின் 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் இதை நிறுத்திவைக்கலாம்.

கடவுச்சொல் சரி, கணினி ஏற்கவில்லை

மேற்கோள் குறி மாறுவது எரிச்சல் மட்டுமே. கடவுச்சொல்லில் அதே தவறு நேர்ந்தால் விளைவு வேறு. கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் தெரிவது வெறும் புள்ளிகள். @ குறி என்று நினைத்து அழுத்தியது மேற்கோள் குறியாகப் பதிந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. 'கடவுச்சொல் தவறு' என்று கணினி சொல்கிறது. மறுபடியும் அதையே கவனமாகத் தட்டுகிறார். மறுபடியும் தவறு. பல நிறுவனங்களின் கணினிகளில் சில முறை தவறினால் கணக்கு பூட்டப்பட்டுவிடும். சம்பளப் பட்டியல் அனுப்ப வேண்டிய நாளிலோ, விண்ணப்பத்தின் இறுதி நாளிலோ இது நேர்ந்தால் அதன் வலி தனி.

இதற்கு முதல் மருந்து, விண்டோஸின் நுழைவுத் திரையின் கீழ்ப்பகுதியில் வலப்பக்கம் தெரியும் மொழிக் குறியீட்டைப் பார்ப்பது. அதைச் சொடுக்கிச் சரியான அமைப்பைத் தேர்ந்தெடுக்கலாம். கடவுச்சொல் பெட்டியின் ஓரத்தில் கண் வடிவச் சின்னம் இருந்தால், அருகில் யாரும் இல்லாதபோது அதை அழுத்தி, தட்டியது என்ன என்று பார்த்துக்கொள்ளலாம்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு. விசை அமைப்பு தவறாக இருக்கும் நேரத்திலேயே ஒருவர் புதிய கடவுச்சொல்லை அமைத்துவிடலாம். அவர் மனத்தில் இருப்பது @ குறி. பதிவாகியிருப்பது மேற்கோள் குறி. அமைப்பைச் சரிசெய்த மறுநாள், 'சரியான' கடவுச்சொல் உள்ளே விடாது. அப்போது பழைய அமைப்புக்கு ஒருமுறை மாறித் தட்டினால் கதவு திறக்கும். உள்ளே சென்றதும் அமைப்பைச் சரிசெய்து, கடவுச்சொல்லையும் புதிதாக அமைத்துவிட வேண்டும்.

சரிசெய்யும் முறை

விண்டோஸ் 11-இல் 'செட்டிங்ஸ்' திறந்து, 'டைம் அண்ட் லேங்குவேஜ்', அதில் 'லேங்குவேஜ் அண்ட் ரீஜன்' என்ற பகுதிக்குச் செல்ல வேண்டும். பயன்படுத்தும் மொழியின் அருகில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி 'லேங்குவேஜ் ஆப்ஷன்ஸ்' திறந்தால், அதன் கீழே 'கீபோர்ட்ஸ்' பட்டியல் தெரியும். முதலில் 'யுஎஸ்' அமைப்பைச் சேர்த்துவிட்டு, அதன்பின் வேண்டாதவற்றை நீக்க வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால் நீக்க முடியாது. ஒரு மொழிக்கு ஓர் அமைப்பாவது இருந்தாக வேண்டும் என்பது விண்டோஸின் விதி.

அடுத்து, 'டைம் அண்ட் லேங்குவேஜ்' பகுதியிலேயே 'டைப்பிங்', அதனுள் 'அட்வான்ஸ்டு கீபோர்ட் செட்டிங்ஸ்' என்று செல்லலாம். ஒவ்வொரு செயலிக்கும் தனி அமைப்பு என்ற வசதியை அங்கே நிறுத்தலாம். விரல் தவறி மொழி மாறுவதைத் தடுக்க, ஆல்ட்-ஷிப்ட் குறுக்கு விசையையும் அங்கிருந்தே முடக்கலாம். எப்போது எந்த அமைப்பு இயங்குகிறது என்பது பணிப்பட்டையின் வலது ஓரத்தில் சுருக்கமாகத் தெரியும். ஆங்கிலத்தின் கீழ் 'யுஎஸ்' என்றிருந்தால் சாதாரண அமைப்பு, 'இன்டல்' என்று படிக்கத்தக்க நான்கெழுத்துச் சுருக்கம் இருந்தால் அனைத்துலக அமைப்பு. எழுதத் தொடங்கும் முன் அந்த மூலையை ஒருமுறை பார்க்கும் பழக்கம் பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

குறி சிறிது, பொருள் பெரிது

இவ்வளவு தொல்லை இருக்கும்போது, ஒலிக்குறிகளையே விட்டுவிட்டு வெறும் ஆங்கில எழுத்துகளில் எழுதினால் என்ன என்ற கேள்வி எழலாம். அந்தக் குறிகள் அலங்காரமாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் அவை எழுத்தின் ஒரு பகுதி.

ஸ்பானிய மொழியில் 'என்' எழுத்தின் தலையில் அலைக்கோடு இட்டால் அது தனி எழுத்து. நம் 'ஞ' ஒலியைத் தருவது. ஆண்டு என்று பொருள்படும் சொல்லில் அந்தக் கோட்டை விட்டுவிட்டால், உடலின் மறைவான உறுப்பு ஒன்றின் பெயராகிவிடும். தன் வயதைச் சொல்ல வந்தவர் தலைகுனிய நேரும். 1991-இல், இந்த எழுத்து இல்லாத விசைப்பலகைகளை விற்கத் தடைவிதித்த ஸ்பெயினின் விதிகள் தடையற்ற வணிகத்திற்கு எதிரானவை என ஐரோப்பியச் சமூகம் ஆட்சேபித்தது. ஸ்பெயின் விட்டுக்கொடுக்கவில்லை. 1993-இல் பண்பாட்டுக் காப்பைக் காட்டி, அந்த எழுத்தை அரசாணையால் நிலைநிறுத்தியது. ஓர் எழுத்துக்காக ஒரு நாடு நடத்திய வழக்கு என்றே அதைச் சொல்லலாம்.

பிரெஞ்சு மொழியில் மீனவரையும் பாவியையும் குறிக்கும் சொற்களுக்கு இடையே உள்ள வேறுபாடு, ஓர் எழுத்தின் தலையில் இருப்பது கூரையா சாய்கோடா என்பது மட்டுமே. ஜெர்மனில் 'ஏற்கெனவே' என்ற சொல்லின் 'ஓ' எழுத்தில் இரண்டு புள்ளிகளை வைத்தால் 'அழகான' என்று பொருள் மாறும். பிரான்சின் பழைய விசைப்பலகையில் குறியிட்ட பெரிய எழுத்துகளை எழுதுவது கடினமாக இருந்ததால், 2019-இல் அந்நாடு அதற்கென்றே புதிய தரம் ஒன்றை வெளியிட்டது.

இது ஐரோப்பாவின் கவலை மட்டுமல்ல. மலாய் மொழியில் 'பெராங்' என்று ஒரே மாதிரி எழுதப்படும் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று போர், மற்றொன்று பழுப்பு நிறம். வேறுபாடு 'இ' எழுத்தின் ஒலிப்பில் இருக்கிறது. அகராதிகள் இரண்டாவதன் உச்சரிப்பைக் காட்ட அந்த எழுத்தின் மேல் சாய்கோடு இடுகின்றன. மலாய்ப் பாடக் குறிப்பு தயாரிக்கும் ஆசிரியருக்கு இந்தக் குறி தேவைப்படும்.

தமிழைப் பற்றி ரோமன் எழுத்தில் எழுதுவோருக்கோ இது இன்னும் நெருக்கமானது. பலம், பழம், பாலம் ஆகிய மூன்றையும் குறியில்லாமல் எழுதினால் மூன்றும் ஒரே எழுத்துக்கூட்டில் வந்து நிற்கும். நெடிலுக்குத் தலைக்கோடு, ழகரத்திற்கு அடிக்கோடு என்று இட்டால்தான் மூன்றும் மூன்றாகப் பிரியும். நூலகப் பட்டியல்களிலும் ஆய்வேடுகளிலும் தமிழ்ச் சொற்கள் அத்தகைய குறிகளோடு இடம்பெறுவது இதனால்தான்.

குறியிட்ட எழுத்தை எழுதும் வழிகள்

எப்போதாவது ஓர் எழுத்து வேண்டும் என்பவர்கள் விசை அமைப்பையே மாற்றத் தேவையில்லை. விண்டோஸில், எண் விசைகள் தனியாக உள்ள பலகையில், ஆல்ட் விசையை அழுத்தியபடி 0233 என்று தட்டி விரலை எடுத்தால் சாய்கோடு ஏறிய சிறிய 'இ' வரும். 0241 தட்டினால் அலைக்கோடு ஏறிய 'என்'. 0252 தட்டினால் இரட்டைப் புள்ளி ஏறிய 'யூ'. மேல்வரிசை எண்களில் தட்டினால் பலிக்காது. எண் பலகை இல்லாத சிறிய மடிக்கணினியில் 'வேலை செய்யவில்லை' என்று தோன்றுவது அதனால்தான்.

வேர்ட் செயலியில் கண்ட்ரோல் விசையுடன் ஒற்றை மேற்கோள் குறியை அழுத்திவிட்டு, பிறகு உயிரெழுத்தைத் தட்டலாம். இது எல்லாச் செயலிகளிலும் செல்லாது.

நாள்தோறும் எழுதுவோருக்கு அனைத்துலக அமைப்பே ஏற்றது. அதில் வலப்பக்க ஆல்ட் விசையுடன் 'இ'யை அழுத்தினால் சாய்கோடு ஏறிய எழுத்து நேரடியாக வரும்; 'என்'னை அழுத்தினால் அலைக்கோடு ஏறியது வரும். பிரிட்டிஷ் அமைப்பிலும் வலப்பக்க ஆல்ட் விசையுடன் உயிரெழுத்துகளுக்குச் சாய்கோடு கிடைக்கும். சாதாரண அமெரிக்க அமைப்பில் அந்த விசைக்கு இந்த வேலை இல்லை. புத்தகத்தில் படித்த முறை பலிக்கவில்லை என்றால், முதலில் ஐயப்பட வேண்டியது விசையை அல்ல, இயங்கும் அமைப்பை.

மேக் கணினியில் எழுத்து விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் குறியிட்ட வடிவங்கள் மேலே வரிசையாகத் தோன்றும். ஆப்ஷன் விசையுடன் 'இ'யை அழுத்தி, பிறகு உயிரெழுத்தைத் தட்டுவது இன்னொரு வழி. தமிழ்ச் சொற்களுக்குத் தலைக்கோடும் அடிப்புள்ளியும் வேண்டுவோர், மேக்கில் 'ஏபிசி எக்ஸ்டெண்டட்' என்ற அமைப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். கைப்பேசியில் அழுத்திப் பிடிப்பதே போதும்.

விசைப்பலகை குற்றவாளி இல்லாத இடங்கள்

எல்லாக் கோளாறும் விசை அமைப்பால் வருவதில்லை. சரியாகத் தட்டிய எழுத்து, அனுப்பிய பிறகு சிதைந்து தெரிவதும் உண்டு. சாய்கோடு ஏறிய ஓர் 'இ'க்குப் பதிலாக, அலைக்கோடு ஏறிய பெரிய 'ஏ'யும் காப்புரிமைக் குறியும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றால், அது விசைப்பலகையின் பிழையன்று. யுனிகோட் முறையில் இரண்டு எண்களாக எழுதப்பட்டதை, பெறும் மென்பொருள் பழைய முறையில் இரண்டு தனி எழுத்துகளாகப் படிக்கிறது. மாற்ற வேண்டியது படிக்கும் இடத்தில் உள்ள குறியாக்கத்தை.

கணினித் தமிழின் தொடக்க காலத்தில் மின்னஞ்சல் எழுதியவர்களுக்கு இந்தக் காட்சி நினைவிருக்கும். தமிழ்க் கடிதத்தைத் திறந்தால் கோடும் புள்ளியும் கூரையும் ஏறிய ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நிற்கும். அன்றைய எழுத்துருக்களில் மொத்தம் 256 இடங்களே இருந்தன. அவற்றின் பிற்பாதியில் ஐரோப்பிய மொழிகளின் குறியிட்ட எழுத்துகள் இருந்த இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தார்கள். உரிய எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் மறைந்து, அடியில் இருந்த ஐரோப்பிய எழுத்து வெளியே தெரிந்தது. யுனிகோட் வந்த பிறகே ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் கிடைத்து, இந்த இடநெருக்கடி தீர்ந்தது.

ஆனால் யுனிகோடிலும் ஒரு நுட்பம் உண்டு. சாய்கோடு ஏறிய 'இ'யை ஒரே எண்ணாகவும் எழுதலாம். 'இ' ஓர் எண், அதன் மேல் ஏறும் கோடு இன்னோர் எண் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடும்போது சில மென்பொருள்கள் இரண்டையும் வேறாகக் கருதிவிடும். தமிழிலும் இப்படித்தான். 'கொ' என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் எனப் பிரித்தும் எழுதலாம். கண்முன் இருக்கும் பெயரைக் கணினி 'இல்லை' என்று சொன்னால், அந்தப் பெயரை அழித்துவிட்டு அதே விசைப்பலகையில் மீண்டும் தட்டித் தேடிப் பார்ப்பது நல்லது.

கடைக்குப் போகும் முன்

அச்சிட்ட எழுத்து ஒன்று, வரும் எழுத்து வேறொன்று என்றால் பார்க்க வேண்டியது விசை அமைப்பை. ஓர் எழுத்து வரவே இல்லையென்றால், அடுத்து இடைவெளிப் பட்டையைத் தட்டிப் பார்க்க வேண்டும். அப்போது வந்தால் அது நகரா விசை. ஒரு செயலியில் மட்டும் கோளாறு என்றால் அந்தச் செயலியின் அமைப்பைப் பார்க்க வேண்டும். தட்டும்போது சரியாகத் தெரிந்து, அனுப்பிய பிறகு சிதைந்தால் குறியாக்கத்தைப் பார்க்க வேண்டும். எந்த அமைப்புக்கு மாற்றினாலும், எத்தனை முறை அழுத்தினாலும், அந்த ஒரு விசை மட்டும் எதற்கும் அசையவில்லை என்றால், அதுவே உண்மையான பழுது. புதிய விசைப்பலகை வாங்கக் கடைக்குப் போக வேண்டிய நேரம் அப்போதுதான்.